ஸ்பிட்ஃபயர் மார்க் 3: கியர் லீவர் ஆட்டம், புஷ் மாற்றினால் போதுமா?

உச்சிப்புளி மார்க்3:

வணக்கம். என்னிடம் இருப்பது 1968 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. பெரியப்பா குன்னூரில் வைத்திருந்த வண்டி. அவருக்குப் பிறகு உச்சிப்புளி வீட்டுக்கு வந்துவிட்டது. 1296 சிசி இன்ஜின் இன்னும் நன்றாகவே இழுக்கிறது. தொந்தரவு கியர் லீவர்தான்.

நியூட்ரலில் விட்டால் லீவர் நாப் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆடுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் லீவரின் அடியிலிருந்து ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். நாப்பை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடுகிறது. பாம்பன் பாலத்தில் ஏறும்போது மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினால் இரண்டாவது எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் சில நேரம் விழும், சில நேரம் விழாது. வண்டி மெதுவாக உருளும்போது ஃபர்ஸ்ட் போட்டால் கொறகொறவென்று கத்துகிறது.

மதுரையில் ஒரு மெக்கானிக் கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இது வெளி லிங்கேஜ் (லீவரைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் தண்டும் இணைப்புகளும்) தேய்மானம்தானா என்று எப்படி உறுதி செய்வது? இணைப்புகளில் பின்னைச் சுற்றி உட்காரும் புஷ் வளையங்களை இங்கேயே லேத்தில் கடைந்து போடலாமா, இங்கிலாந்திலிருந்து கிட் வரவழைக்க வேண்டுமா? வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம், அதனால் எதைப் போட்டாலும் துருவை நினைத்துத்தான் போட வேண்டும்.

தொண்டி டீசல்:

முதலில் கிளட்ச்சைப் பாருங்கள் தம்பி. இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போடுங்கள். ரிவர்ஸ் அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். ஹைட்ராலிக் கிளட்ச்தானே, கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவோ காற்றோ இருக்கும். இன்ஜின் அணைந்திருக்கும்போதும் ரிவர்ஸைத் தேட வேண்டியிருந்தால் கை வைக்க வேண்டிய இடம் லிங்கேஜ்.

மண்டபம் லேத்:

தொண்டிக்காரர் சொன்ன சோதனையை முதலில் செய்துவிடுங்கள், பத்து நிமிஷ வேலை. ஆனால் லீவரைப் பிடித்தால் சத்தம் நிற்கிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. பெட்டிக்குள் பல்சக்கரமோ பேரிங்கோ கத்தினால் உங்கள் கைக்கு அது கட்டுப்படாது.

ஃபர்ஸ்ட் கியர் கொறகொறப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மார்க் 3 வரைக்கும் ஃபர்ஸ்டுக்கு சின்க்ரோ (ஓட்டத்திலேயே பல்சக்கர வேகங்களை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும். மார்க் 4-இல்தான் நான்கு கியருக்கும் சின்க்ரோ வந்தது. கியர் பிடித்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வருகிறதா? அப்படி வந்தால்தான் பெட்டிக்கு உள்ளே பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அது இல்லை. கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

இந்த வண்டியில் டன்னல் கவர், அதாவது இரண்டு சீட்டுக்கும் நடுவே கியர்பாக்ஸை மூடியிருக்கும் மூடி, பாடியோடு வெல்டிங் செய்ததில்லை. பேட்டரி வயரைக் கழற்றி, சக்கரத்துக்கு அடை கொடுத்து, சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்தால் கவரை உள்ளேயிருந்தே போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். லீவரின் நடுவில் ஒரு உருண்டை, அது கிண்ணத்தில் உட்கார்ந்து சுழலும். லீவரின் அடிமுனை ஒரு நீளத் தண்டைப் பிடித்திருக்கும். அந்தத் தண்டு முன்பக்கம் போய், பெட்டிக்குள் கியரை மாற்றும் செலக்டரோடு சேருகிற இடத்தில் குறுக்கே பின்னும் புஷ்ஷும் இருக்கும். ஆட்டம் பிறக்கிற இடங்கள் இவைதான்.

வீட்டில் ஒருவரை நாப்பை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டுகளும் சேரும் கோட்டின் மேல் விரலை வையுங்கள். ஒன்று நகர்ந்து மற்றது நகராமல் நிற்கும் இடம் விரலுக்குத் தெரியும். கண்ணை நம்பினால் எல்லாமே ஆடுகிற மாதிரித்தான் தோன்றும். எங்கே எவ்வளவு என்று எழுதி வையுங்கள். லீவரின் மேல்பாகம் அடிப்பாகத்தைப் போல நான்கு மடங்கு நீளம் என்றால், அடியில் அரை மில்லிமீட்டர் லூஸ் நாப்பில் இரண்டு மில்லிமீட்டராகத் தெரியும். மூன்று இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் எல்லாம் கூடிக்கொள்ளும். உங்கள் இரண்டு விரல் ஆட்டம் ஒரே இடத்தில் வந்ததாக இருக்காது.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். புஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை. பின்னை வெளியே எடுத்து வெர்னியரில் அளந்து பாருங்கள், தேயாத ஓரத்தில் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் புதுப் புஷ்ஷையும் அது சீக்கிரமே தின்றுவிடும். துளை முட்டை வடிவமாகியிருந்தால் ரீமர் போட்டு வட்டமாக்கி, அந்த அளவுக்கு வெளிவிட்டம் கூட்டிப் புஷ் கடைய வேண்டும். பின்னுக்கு பதில் போல்ட் போடுவதாக இருந்தால், புஷ்ஷுக்குள் மரை வராமல் வழவழப்பான உடல் பகுதி மட்டும் உட்காரும்படி நீளமான போல்ட்டாக எடுத்து, மிச்ச மரையை அறுத்துவிடுங்கள். மரை உரசினால் புஷ்ஷை அரம் போல அராவிவிடும்.

இப்போது எதில் கடைவது என்பது. நம் ஊரில் நைலான் வேண்டாம் தம்பி. நைலான் 6 முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் ஈரம் குடிக்கும், குடித்தால் உப்பும். கோடையில் அச்சாகக் கடைந்து போட்ட புஷ் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பின்னைக் கவ்விக்கொள்ளும், லீவர் இறுகிவிடும். டெல்ரின் என்று விற்கிற அசிட்டால் ராடு வாங்குங்கள். அது எவ்வளவு ஊறினாலும் 1 சதவீதத்தைத் தாண்டாது, லேத்திலும் சுத்தமாக வெட்டுப்படும். இங்கே படகு ஷாஃப்ட் புஷ்ஷுக்குப் பழகிய கை என்பதால் எந்தப் பட்டறையில் கேட்டாலும் கன்மெட்டலில் (ஒரு வெண்கல வகை) போடலாம் என்றுதான் சொல்வார்கள். கன்மெட்டல் உழைக்கும், ஆனால் கியர்பாக்ஸின் அதிர்வை அப்படியே லீவருக்குக் கடத்தும். நீங்கள் ஒழிக்க நினைப்பதே அந்தச் சத்தத்தைத்தான்.

இன்னொன்று. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி வேலைக்கு நிற்கும், மண்டபம் பாம்பன் பக்கம் எந்த லேத்திலும் சின்ன வேலைக்கு இடம் கிடைக்காது. அதற்கு முன்னாலோ பின்னாலோ வாருங்கள்.

கீழக்கரை ஹெரால்டு:

நான் வைத்திருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸில் செய்தது. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸே ஹெரால்டிலிருந்து வந்ததுதான், இரண்டு வண்டியையும் வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. கியர் லீவர் அமைப்பும் ஒரே குடும்பம். அதனால் பழைய ஹெரால்டு சாமான் வைத்திருப்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாங்கும் முன் உங்கள் பழைய துண்டைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிடுங்கள்.

மண்டபத்துக் காக்கா (அண்ணன்) சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நேர் உருளைப் புஷ்களை இங்கே கடையலாம், சரி. லீவர் உருண்டை உட்காரும் கிண்ணத்தையும் அதன் ஸ்பிரிங்கையும் வெளியே வாங்குவதே நல்லது. கோள வடிவம் கொஞ்சம் பிசகினாலும் லீவர் ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொளதொளக்கும். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் பாகங்கள் விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கிட்டாகவே கிடைக்கிறது. சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேரும் என்பதால் இரண்டு செட்டாக வாங்கிவிடுங்கள்.

போல்ட் விஷயத்தில் கவனம். இது யூஎன்எஃப் என்ற அங்குலக் கணக்கு மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டான எம்8 மாதிரியே இருக்கும். ஆனால் அதில் அங்குலத்துக்கு 24 மரை, சாதாரண எம்8-இல் ஏறக்குறைய 20. ஸ்பானர் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரை போய்விடும்.

உச்சிப்புளி மார்க்3:

எல்லாருக்கும் நன்றி. இன்ஜின் அணைந்திருக்கும்போதும் ரிவர்ஸைத் தேட வேண்டித்தான் இருக்கிறது, ஆகவே கிளட்ச் இல்லை. டன்னல் கவரைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தேன். முன்பக்கக் குறுக்குப் பின்னில்தான் அதிக ஆட்டம். பின் ஓரத்தில் 7.9, நடுவில் 7.3. லீவர் அடிமுனையில் கொஞ்சம். கிண்ணம் ஓரத்தில் வெடித்திருக்கிறது, அதை வெளியிலிருந்தே வரவழைக்கிறேன். ஸ்டெயின்லெஸ் பின் போட்டால் துருப் பிடிக்காதே, போடலாமா? கிரீஸ் எது?

மண்டபம் லேத்:

0.6 தேய்மானம் என்றால் அந்தப் பின் முடிந்தது. ஸ்டெயின்லெஸ் துரு தாங்கும், ஆனால் 304 என்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் ரகத்தின் மேற்பரப்பு மிருது, தேய்கிற இடத்துக்கு ஒத்துவராது. ஈஎன்8 என்ற கார்பன் ஸ்டீல் ராடில் கடைந்து, மேற்பரப்பை நன்றாகப் பாலிஷ் செய்து போடுங்கள். டன்னலுக்குள் மழை படாது, கிரீஸ் இருந்தால் துருவும் அண்டாது. டெல்ரினுக்கும் பின்னுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்னைக் கையால் தள்ளினால் போக வேண்டும், தானாக விழக் கூடாது. நட்டு தானாகத் தளராத நைலாக் ரகமாக இருக்கட்டும். பின்னைப் பிடித்திருக்கும் கவட்டையை நசுக்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

கிரீஸுக்கு சிலிக்கான் போதும். பழைய அமைப்பில் ரப்பர் துண்டு எங்காவது மிச்சம் இருந்தால் சாதாரண கிரீஸ் அதை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

டன்னல் கவரை மூடுவதற்கு முன் கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரை ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள். அது வெடித்திருந்தால் பெட்டியே அசையும், புதுப் புஷ் போட்டும் இரண்டாவது கியரைத் தேடுவீர்கள். பழைய பின்னைத் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள், நீளத்தை அதை வைத்தே வெட்டிக்கொள்ளலாம்.