அம்மா வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கிறார், ஆபத்தா?

செல்வி, திண்டுக்கல்:
அம்மாவுக்கு 68 வயது. பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடும் (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மருந்து) சேர்ந்திருக்கிறது. வாட்ஸ்அப் வீடியோ பார்த்துவிட்டு, எழுந்ததும் செம்பு செம்பாக ஒன்றரை லிட்டர் இறக்குகிறார். உப்பையும் பாதியாகக் குறைத்தாச்சு. இப்போது தலைவலி, குமட்டல். கேட்டால், "கெட்டதெல்லாம் வெளியே போகுதுடி" என்கிறார். நான் சொன்னால் எடுபடாது (அந்த வீடியோக்காரர் சொன்னால்தான் வேதம்).

வார்டு நர்ஸ்:
ஆபத்துதான் அக்கா. நல்ல சிறுநீரகமே மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேற்றும். மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) நீர்த்துப்போகும். தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து வீங்க வைக்கும். அந்தத் தலைவலியும் குமட்டலும் அதனால் இருக்கலாம். வயதானவர்கள் இந்த மாத்திரையும் போட்டால், கொஞ்சம் அதிகத் தண்ணீரே சோடியத்தை இறக்கிவிடும். இன்றே டாக்டரிடம் காட்டி சோடியம் பாருங்கள். 135 முதல் 145 வரை இருக்கவேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பேச்சு குழறினாலோ வலிப்பு வந்தாலோ உடனே 108.

ஓட்டக்காரன்:
இளசுகளுக்கும் வரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவு. ஓடி முடித்தும் எடை கூடியிருந்தவர்களுக்கே, அதாவது வழியில் அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கே அதிகம்.

செல்வி:
சோடியம் 126. டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார், தண்ணீருக்கும் அளவு சொல்லியிருக்கிறார். செம்பைப் பரணில் ஏற்றிவிட்டேன், அம்மா என்னோடு பேசுவதில்லை.