வணிகர் சங்க விழா: மேடைய விட கடைவாசல் முக்கியம்

எல்லாருக்கும் வணக்கம்.

சின்ன ஊர் வணிகர் சங்கம் விழா நடத்துறதப் பத்தி, ஊர விட்டு வெளிய இருக்கற நம்ம குழுவுல மடல் ஓடிக்கிட்டே இருக்கு, எல்லாமே மேடை, ஒலிபெருக்கி, எவ்வளவு கூட்டம் சேரும்ங்கறதப் பத்திதான். கூட்டம் சேக்கறது பெரிய விஷயமில்லைங்க. வந்த கூட்டம் கடைக்குள்ள கால் வைக்கணுமே, அங்கதான் பாடு.

நான் இப்ப இருக்கற இடத்துல ஒரு வணிகர் சங்கத்துக்குத் தொண்டு வேலை பாத்திருக்கேன். மொத வருஷம் பார்க்கிங் வசதியா இருக்கும்னு விழாவ ஊர்க்கோடி மைதானத்துல வச்சாங்க, கூட்டமும் நல்ல கூட்டம், ஆனா கடைத்தெருவுல ஈ காக்கா இல்ல, பாதிக் கடை பூட்டிக் கெடந்துச்சு, ஏன்னா கடைக்காரங்களே மைதானத்துல நாற்காலி தூக்கிட்டு நின்னாங்க. வெளியூர்லருந்து வந்து ஸ்டால் போட்டவங்க வித்துட்டுப் போயிட்டாங்க. கஷ்டப்பட்டு ஏற்பாடு பண்ணவங்களுக்கு அன்னிய வியாபாரமும் போச்சு, அதப் பாத்து எனக்கு மனசே ஆறல.

அடுத்த வருஷம் சாயங்காலம் நாலு மணி நேரம் கடைத்தெருவுலயே வண்டிப் போக்குவரத்த நிறுத்திட்டு நடத்தினோம். ஒரே மேடை போடாம தெருவோட ரெண்டு கோடியிலயும் நிகழ்ச்சி வச்சோம், அப்பத்தான ஜனம் நடுவுல நடக்கும்! ஆளுக்கு ஒரு அட்டை குடுத்து, ஒவ்வொரு கடைக்குள்ளயும் போயி முத்திரை வாங்கினா குலுக்கல்ல பேர் சேரும்னு சொன்னோம். இப்படி ஒரு கடை இருக்கறதே தெரியாதுன்னு சொன்னவங்க எத்தனையோ பேர்.

ரெண்டாவது விஷயம் பணம். எல்லா சங்கத்துலயும் குடுக்கறவங்களேதான் குடுப்பாங்க, பலன் மட்டும் எல்லாருக்கும் போகும், கொஞ்ச நாள்ல குடுக்கறவங்களும் சலிச்சுப் போயிடுவாங்க. டொரன்டோவுல ப்ளோர் வெஸ்ட் வில்லேஜ்னு ஒரு கடைத்தெரு, 1960கள்ல சுரங்க ரயில் வந்து ட்ராம் நின்னதும் மேல நடமாட்டம் கொறஞ்சு, ஜனமெல்லாம் மாலுக்குப் போக ஆரம்பிச்சிடுச்சு. அங்க இருந்த கடைக்காரங்க சட்டத்தையே கொண்டு வர வச்சு 1970ல ஒரு ஏற்பாடு பண்ணாங்க, அந்த எல்லைக்குள்ள இருக்கற எல்லாக் கடையும் கட்டியே ஆகணும், நகராட்சி வரியோட சேத்து வசூல் பண்ணி சங்கத்துக்கே குடுத்துடும். பொதுச் செலவுக்குன்னு வியாபாரிங்க ஒரு பங்கு ஒதுக்குவாங்களே, நம்ம மகமை, அது மாதிரிதான், ஆனா சட்டத்தோட. உலகத்துலயே அந்த மாதிரி மொதல் ஏற்பாடு அதுதான். விளக்கு, மரம், உக்கார பெஞ்சு, விளம்பரம்னு தெருவ சீர்படுத்தினாங்க.

அமெரிக்காவுல 1977ல மூணு சின்ன ஊர எடுத்து, கேல்ஸ்பர்க், ஹாட் ஸ்ப்ரிங்ஸ், மேடிசன், கடைத்தெரு வேலைக்குன்னே ஊருக்கு ஒரு முழுநேர ஆள் போட்டுப் பாத்தாங்க, அதுலருந்துதான் 1980ல பழைய கடைத்தெருக்களுக்கு உயிர் குடுக்கற மெயின் ஸ்ட்ரீட் திட்டம் நாடு முழுக்கப் போச்சு. கடையப் பூட்டிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு சங்க வேலை பாக்கறவரால எத்தன நாள் ஓட்ட முடியும், சொல்லுங்க?

அதனால வெளிய இருக்கற நாம மேடைச் செலவுக்குப் பணம் அனுப்பறத விட்டுட்டு, சங்கத்துக்கு ஒரு முழுநேர ஆளோட மொத வருஷச் சம்பளத்த ஏத்துக்கிட்டா என்ன? கூகுள் மேப்ல கடைங்களோட பேர், நேரம், போன் நம்பர் சரி பண்றத நாம இங்கருந்தே செய்யலாம், அந்த வேலைய நான் எடுத்துக்கறேன். கூட வர்றவங்க பதில் போடுங்க.