பக்கத்து வீட்டுத் தொல்லை: கோர்ட் வரை போனவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கடைமடைக்காரன்

நானே முதலில் எழுதுகிறேன். எங்கள் சமையலறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிச் சந்து. சந்து முழுக்க எங்கள் பட்டாவில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் 2006 கடைசியில் ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டுத் தகரக் கூரை போட்டார். பழைய கொட்டகை அவர்கள் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருந்தது. புதுக் கூரை எங்கள் பக்கம் சரிந்தது.

மழை வந்தால் கூரைத் தண்ணீர் அத்தனையும் சந்தில் கொட்டி, தெறித்து, எங்கள் சுவரில் அடிக்கும். தை பிறக்கும்போது பார்த்தால் உள்சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். விரலை வைத்தாலே பூச்சு மாவாக உதிரும். அரிசி மூட்டையைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் வைப்போம்.

கேட்கும்போதெல்லாம் "குழாய் வைத்துவிடுகிறேன் தம்பி" என்பார். அப்பாவும், அக்கம்பக்கத்தில் கோர்ட் கச்சேரி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த வீட்டில் மகன் கை ஓங்கியது. "இருபது வருஷமா இங்கேதான் விழுது, எங்களுக்கு உரிமை ஆயிடுச்சு" என்றார். ஸ்டேஷனுக்குப் போனேன், தாலுகா அலுவலகத்துக்கும் போனேன். இரண்டு இடத்திலும் 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிட்டார்கள். தெருவுக்கே தொல்லை என்றால் அதிகாரிகள் தலையிட வழி உண்டு. ஒரு வீட்டால் இன்னொரு வீட்டுக்கு மட்டும் வரும் தொல்லைக்கு முன்சீப் கோர்ட்தான்.

வக்கீல் சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மகன் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் இடத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் வழி, தண்ணீர் போன்ற உரிமைகளைப் பற்றியது), 15ஆவது பிரிவு. தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக 20 வருடம் அனுபவித்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும். நாம் நடுவில் போட்ட சண்டையோ எழுதிய கடிதமோ 'தடை' ஆகாது. அவர்கள் அனுபவித்து வந்தது உண்மையிலேயே நின்றுபோயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். கடிதம் எழுதியே வருடங்களைக் கழித்த எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது.

2024இல் வழக்குப் போட்டோம். 20 வருடம் ஆகவில்லை என்று எப்படிக் காட்டுவது? வீட்டில் பெட்டி பெட்டியாகத் தேடினோம். அக்கா கல்யாண ஆல்பத்தில் கிடைத்தது. 2006 வைகாசி, கொல்லையில் பந்திக்கு இலை போடுகிறார்கள், பின்னால் பழைய ஓலைக் கொட்டகை, அவர்கள் முற்றத்துப் பக்கம் சரிந்தபடி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் வழக்கறிஞர் ஆணையர், அதாவது இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் அனுப்பும் வக்கீல், வேண்டும் என்று மனுப் போட்டோம். மழைக்காலத்திலேயே வந்து பார்க்க வேண்டும் என்று வக்கீல் பிடிவாதமாகக் கேட்டார். ஆணையர் குடையோடு சந்தில் நின்று பார்த்தார். ஈரம் ஏறிய உயரத்தை டேப் பிடித்து அளந்து குறித்துக்கொண்டார். அந்த அறிக்கை வந்ததும் எதிர்ப்பக்கம் சமரசத்துக்கு இறங்கியது. கூரை விளிம்பில் தகரத் தூம்பு வைத்து, தண்ணீரை அவர்கள் பக்கமே இறக்க வேண்டும். இதை வெறும் பேச்சாக விடாமல் சமரசத் தீர்ப்பாகப் பதிய வைத்தோம். மீறினால் புது வழக்கு வேண்டாம், அந்தத் தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனுப் போட்டால் போதும்.

மாடிப்படி

எங்களுக்குக் கீழே மாவு மில். காலை ஐந்து மணிக்கு ஓட ஆரம்பித்தால் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும். மாமியார் நெஞ்சு நோயாளி. மில்காரர் வாதம் ஒன்றுதான்: "நான் முதலில் வந்தவன், மில் இருக்கிறது என்று தெரிந்துதானே குடிவந்தீர்கள்?"

நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் என்பதற்காக மட்டும் வழக்கு விழாது என்று வக்கீல் அம்மா விளக்கினார். 1879இல் லண்டனில் ஒரு தீர்ப்பு. மிட்டாய்க்காரர் ஒருவர் 20 வருடத்துக்கு மேல் பெரிய உரலில் இடித்து வந்தார். பக்கத்து டாக்டர் தோட்டத்துக் கோடியில் நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டிய பிறகுதான் அந்த அதிர்வு தொல்லையாயிற்று. 20 வருடக் கணக்கும் அன்றைக்குத்தான் தொடங்குகிறது என்று டாக்டர் பக்கம் தீர்ப்பு. நம் நாட்டிலேயே 1978இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், மாடியில் குடியிருந்தவர்களுக்காகக் கீழே மாவு மில் ஓட்டத் தடை கொடுத்திருக்கிறது.

எங்களுக்கு முழுத் தடை கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெரு என்பதால் பகலில் கொஞ்சம் சத்தம் பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் நீதிபதி. காலை எட்டுக்கு முன்பும் இரவு எட்டுக்குப் பின்பும் ஓட்டக் கூடாது என்று உத்தரவு. எந்த நாள் எத்தனை மணிக்கு ஓடியது, எப்போது நின்றது என்று ஏழு மாதம் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கோர்ட்டில் அந்த நோட்டுத்தான் பேசியது.

மாமரத்தடி

நான் தொல்லை கொடுத்த பக்கம். எங்கள் மாமரக் கிளை பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்திருந்தது. ஊருக்குப் போய்த் திரும்பினால் கிளையைக் காணோம். கோபத்தில் நான்தான் வக்கீல் நோட்டீஸ் விட்டேன். என் வக்கீலே அடுத்த வாரம் கூப்பிட்டு, இது நிற்காது என்றார். தன் எல்லைக்குள் வந்த கிளையை, நம் இடத்தில் கால் வைக்காமல், சொல்லாமலேயே வெட்டலாம் என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே உச்ச கோர்ட்டும் அதுதான்) 1894இலேயே சொல்லிவிட்டதாம், நம் கோர்ட்களும் அந்தக் கொள்கையைத்தான் பார்க்கும் என்றார். ஆனால் வெட்டிய கிளையில் இருந்த காய் மரக்காரருக்கே சொந்தம்.

நேரில் போய் வருத்தம் சொன்னேன். அவர் ஒரு சாக்கில் காய்களைக் கட்டி வைத்திருந்தார், ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எனக்குக் கூசிப்போயிற்று. இப்போது வேர் அவர்கள் செப்டிக் டேங்க் பக்கம் போகிறது என்கிறார். டேங்க் வெடித்தால் நஷ்டம் என் தலையில்தான் விழும். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கம் தோண்டிப் பார்க்கிறோம். நானும் கூட நிற்கப் போகிறேன், அடித்தூரை ஒட்டி வெட்டினால் மரம் தாங்காது.