கிளெமென்டேயின் 1955 டாப்ஸ் அட்டை: அசலா, நகலா?

கேள்வி: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் படத்துடன் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட சேகரிப்பு அட்டை ஒன்று, மூலைகள் மழுங்கி நடுவில் மடிப்பு விழுந்த நிலையில் விலைக்கு வந்துள்ளது. வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அளவைக் கேளுங்கள். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் அட்டைகள் 2⅝க்கு 3¾ அங்குலமாக இருந்து, 1957இல்தான் 2½க்கு 3½ எனச் சுருங்கின. ஆகவே சிறியதாக இருந்தால் அது மறுபதிப்பாகவோ ஓரம் நறுக்கப்பட்டதாகவோ இருக்கக்கூடும்.

மற்றொரு பதில்: நறுக்கிய ஓரத்தைவிட மழுங்கிய மூலையே மேல் என்பேன். உருப்பெருக்கியில் பாருங்கள்: அசலில் கறுப்பு எழுத்துகளின் விளிம்பு கெட்டியாக நிற்கும், தற்கால நகல்களில் பெரும்பாலும் அதுவும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும்.

கேட்டவர்: நன்றி. விசாரித்தேன், நீளம் 3½ அங்குலம்தானாம். விலகிக்கொண்டேன்.