சுரங்கப் பங்குகளுக்கு இசட், எஃப், எம் ஸ்கோர்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பொருநைக்கரை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. சில வருடங்களாகச் சுரங்கம், உலோகம் சார்ந்த பங்குகளைத்தான் அதிகம் கவனிக்கிறேன். எந்த ஸ்க்ரீனர் தளத்துக்குப் போனாலும் மூன்று எண்கள் கண்ணில் படுகின்றன: திவால் ஆபத்துக்கு ஆல்ட்மன் இசட் ஸ்கோர், நிதி வலுவுக்கு பியோட்ரோஸ்கி எஃப் ஸ்கோர், கணக்கில் தில்லுமுல்லு இருக்கிறதா என்று பார்க்க பெனிஷ் எம் ஸ்கோர். பிரச்சினை என்னவென்றால், ஒரே நிறுவனத்தைப் பற்றி மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன.

ஹிந்துஸ்தான் ஜிங்கின் 2021-22, 2022-23, 2023-24 கணக்குகளை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 2022-23ல் மட்டும் நிகர மதிப்பு (சொத்தில் பொறுப்புகளைக் கழித்த மீதி) சுமார் 34 ஆயிரம் கோடியிலிருந்து 13 ஆயிரம் கோடிக்கு இறங்கியிருக்கிறது. கடன் 2,800 கோடி சொச்சத்திலிருந்து 11,800 கோடிக்கு மேல் போயிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் இசட் ஸ்கோர் பாதுகாப்பான பகுதியிலேயே நிற்கிறது, எஃப் ஸ்கோரில் சில கேள்விகளுக்கு முந்தைய ஆண்டைவிட நல்ல மதிப்பெண்ணே கிடைக்கிறது. இது எப்படி?

இன்னொன்று, உலோக விலை ஏறும் வருடங்களில் சுரங்க நிறுவனங்கள் பலவற்றுக்கு எம் ஸ்கோர் சிவப்புக் கொடி காட்டுகிறது. எல்லாருமா கணக்கைத் திரிக்கிறார்கள்? சுரங்கத்துக்கு இந்த ஸ்கோர்களையே விட்டுவிடலாமா, அல்லது பார்க்கும் விதம் வேறா? நான் காமர்ஸ் படித்தவன் இல்லை, கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நல்லது.

பற்றும்வரவும்

நல்ல கேள்வி, நல்ல உதாரணமும்கூட. ஹிந்துஸ்தான் ஜிங்க் 2022-23ல் என்ன ஆனது என்பதை முதலில் பார்ப்போம். அந்த ஆண்டு நிகர லாபம் 10,511 கோடி, தொழிலில் குறை எதுவும் இல்லை. ஆனால் பங்கு ஒன்றுக்கு 75 ரூபாய் 50 காசு டிவிடெண்ட் கொடுத்தார்கள், மொத்தம் சுமார் 31,900 கோடி. 34 ஆயிரம் கோடியோடு லாபத்தைக் கூட்டி டிவிடெண்டைக் கழித்துப் பாருங்கள், 13 ஆயிரம் கோடி வந்துவிடும். அந்த டிவிடெண்டில் கிட்டத்தட்ட 65% தாய் நிறுவனமான வேதாந்தாவுக்கும் 29.5% மத்திய அரசுக்கும் போனது.

இப்போது இசட் ஸ்கோருக்கு வருவோம். 1968ல் ஆல்ட்மன் இதை 66 அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் கணக்கிலிருந்து உருவாக்கினார், பாதி திவாலானவை, பாதி பிழைத்தவை. சுரங்கத்தை மனதில் வைத்துச் செய்த சூத்திரம் இல்லை இது. இதில் ஐந்து விகிதங்கள். நான்காவது, பங்குச் சந்தை மதிப்பை மொத்தப் பொறுப்புகளால் வகுப்பது. 2023 மார்ச்சில் ஹிந்துஸ்தான் ஜிங்கின் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடிக்கு மேல். பொறுப்புகள் இரண்டு மடங்கு ஆனாலும் அந்த விகிதம் பெரிதாகவே இருக்கும், ஸ்கோரைத் தனியாளாகத் தூக்கிப் பிடித்துவிடும். அடுத்தது இன்னும் முக்கியம். மூன்றாவது விகிதமும் ஐந்தாவது விகிதமும் (வட்டி, வரிக்கு முந்தைய லாபம், அப்புறம் விற்பனை) மொத்தச் சொத்தால் வகுக்கப்படுபவை. டிவிடெண்ட் வெளியே போனதில் மொத்தச் சொத்து சுமார் 45 ஆயிரம் கோடியிலிருந்து 35 ஆயிரம் கோடி அளவுக்குச் சுருங்கியது. வகுக்கும் எண் சின்னதானால் விடை பெரிதாகும். கஜானாவைக் காலி செய்ததற்கே இரண்டு இடத்தில் மதிப்பெண் ஏறியிருக்கிறது!

எஃப் ஸ்கோரிலும் இதே கதைதான். அது ஒன்பது ஆம்/இல்லை கேள்விகள், ஒவ்வொரு 'ஆம்'க்கும் ஒரு புள்ளி. சொத்தின் மீதான வருவாய் கூடியதா, சொத்துச் சுழற்சி (விற்பனை/சொத்து) கூடியதா என்று கேட்கும் இரண்டு புள்ளிகள் எளிதாகக் கிடைத்துவிடும். கடன் விகிதம், நடப்பு விகிதம் (குறுகிய காலச் சொத்து/குறுகிய காலப் பொறுப்பு) ஆகிய இரண்டும்தான் போகும். அதிலும் ஒரு நுணுக்கம்: பியோட்ரோஸ்கியின் 2000ஆம் ஆண்டு மூல ஆய்வு ஆண்டுத் தொடக்கச் சொத்தால் வகுக்கிறது, தளங்கள் பல ஆண்டு இறுதிச் சொத்தால் வகுக்கின்றன. மூல முறைப்படி போட்டால் இந்த விளைவு 2023-24ல்தான் தெரியும். அந்த ஆண்டு விற்பனை 34 ஆயிரம் கோடியிலிருந்து 29 ஆயிரம் கோடிக்குக் குறைந்தது, ஆனாலும் சொத்துச் சுழற்சி 0.76லிருந்து 0.83க்கு ஏறியதாக வரும். விற்பனை விழுந்த வருடத்தில் 'திறன் கூடியது' என்று ஒரு புள்ளி.

அதனால் சுரங்கத்துக்கு நான் சொல்வது ஆல்ட்மனின் பிந்தைய நான்கு விகித வடிவம். உற்பத்தி சாராத நிறுவனங்களையும் அளப்பதற்காக வந்தது, விற்பனை விகிதம் அதில் கிடையாது, சந்தை மதிப்புக்குப் பதில் புத்தக நிகர மதிப்பு வரும். சூத்திரம்: 6.56 × நடைமுறை மூலதனம்/சொத்து + 3.26 × பங்கிடாமல் சேர்த்து வைத்த லாபம்/சொத்து + 6.72 × வட்டி, வரிக்கு முந்தைய லாபம்/சொத்து + 1.05 × நிகர மதிப்பு/மொத்தப் பொறுப்பு. நடைமுறை மூலதனம் என்றால் குறுகிய காலச் சொத்தில் குறுகிய காலப் பொறுப்பைக் கழித்த மீதி. 2.6க்கு மேல் பாதுகாப்பு, 1.1க்குக் கீழ் ஆபத்து. ஹிந்துஸ்தான் ஜிங்கை இதில் போட்டால் இரண்டாவது, நான்காவது விகிதங்களாலேயே சுமார் 4 புள்ளி சரியும். நடைமுறை மூலதனம் சுருங்கியது தனி. நிறுவனம் திவாலாகப் போகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை, லாபம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் விலை விழுந்தால் தாங்க வைத்திருந்த மெத்தை போய்விட்டது என்பதை இந்த வடிவம் மறைக்காமல் காட்டுகிறது.

மேல்மண்

திறந்தவெளிச் சுரங்கக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் சூத்திரத்துக்குள் போடும் லாபம் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும் தம்பி.

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கோ தாதுவுக்கோ மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் அகற்றியாக வேண்டும். அந்தச் செலவை இந்த ஆண்டுச் செலவாகக் காட்டுவதா, சொத்தாக ஏற்றுவதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இண்ட் ஏஎஸ் 16 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலையின் பின்னிணைப்பு ஒன்று இதற்காகவே இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சுரங்கத்தின் ஒரு பகுதிக்குச் சராசரி விகிதம் டன்னுக்கு 4 கனமீட்டர் என்று திட்டத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு 10 லட்சம் டன் எடுத்தோம், 60 லட்சம் கனமீட்டர் மண் தள்ளினோம், கனமீட்டருக்கு 120 ரூபாய் செலவு. மொத்தம் 72 கோடி. ஆனால் சராசரிப்படி 40 லட்சம் கனமீட்டர்தான் இந்த ஆண்டு நிலக்கரிக்கு உரியது, மீதி 20 லட்சம் அடுத்து வரும் நிலக்கரிக்கு வழி திறக்கிறது, ஆகவே 24 கோடி சொத்தாகப் போகும். விதிப்படி இது முறையானதே. இப்போது அந்தச் சராசரியை 4க்குப் பதில் 3.5 என்று வைத்தால் சொத்தாகப் போவது 30 கோடி. லாபத்தில் 6 கோடி கூடுதல், ஒரு டன்கூட அதிகம் வெட்டாமல்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், சொத்தாக ஏற்றிய செலவு ரொக்க ஓட்ட அறிக்கையில் முதலீட்டுப் பகுதிக்குப் போய்விடும். லாபமும் கூடும், தொழில் மூலம் வந்த ரொக்கமும் அதே அளவு கூடும். 'ரொக்க வரவு லாபத்தைவிட அதிகமா' என்ற எஃப் ஸ்கோர் கேள்வியால் இதைப் பிடிக்கவே முடியாது. எனவே முதலீட்டுப் பகுதியையும் சேர்த்தே பாருங்கள். கோல் இந்தியா 2023-24ல் இந்த மேல்மண் கணக்கு முறையையே மாற்றி, முந்தைய ஆண்டு எண்களையும் திருத்தி வெளியிட்டது. திருத்திய எண்ணையும் திருத்தாத எண்ணையும் கலந்து ஒப்பிட்டால் உங்கள் எக்செல் தரும் விடைக்கு அர்த்தமே இருக்காது.

எம் ஸ்கோருக்கும் வருகிறேன். எட்டு குறியீடுகளில் ஏழையும் 1 என்று வைத்து, லாபத்துக்கும் ரொக்கத்துக்குமான இடைவெளியைப் பூஜ்யம் என்று வைத்தால், அதாவது எதுவுமே மாறாத நிறுவனத்துக்கு, ஸ்கோர் -2.48. சிவப்புக் கோடு -1.78, அதைத் தாண்டி மேலே போனால் கொடி. உலோக விலை ஏறி விற்பனை 60% கூடினால் 0.892 × 0.6, அதாவது 0.54 ஏறும். விற்பனை என்பது பன்னிரண்டு மாதச் சராசரி விலை, ஆனால் மார்ச் 31ல் வரவேண்டிய பாக்கியோ கடைசி மாதத்தின் உச்ச விலையில் நிற்கும். அதனால் பாக்கி விகிதம் 20% கூடினால் இன்னொரு 0.18. கூட்டினால் -1.76, கோட்டைத் தாண்டியாயிற்று. ஒருவரும் எதையும் திரிக்கவில்லை, லண்டன் உலோகச் சந்தையில் விலை ஏறியது, அவ்வளவுதான். விலை ஏறிய வருடத்தில் கொடி வந்தால் எந்தக் குறியீட்டால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். பாக்கியும் விற்பனையும் என்றால் பெரும்பாலும் விலைதான். சொத்துத் தரக் குறியீடும் (நடப்புச் சொத்து, ஆலை, இயந்திரம் போன்றவை தவிர்த்த மற்ற சொத்துகளின் பங்கு கூடியதா என்பது) லாப-ரொக்க இடைவெளியும் சேர்ந்து ஏறினால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

கொங்குச்சந்தை

இரண்டு பேரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எந்த வருடத்தில் ஸ்கோர் போடுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது என்பது என் எண்ணம். பீபாடி எனர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவின் மிகப் பெரிய நிலக்கரி நிறுவனம். 2011ல் குயின்ஸ்லாந்து வெள்ளத்துக்குப் பிறகு உருக்காலை நிலக்கரியின் ஒப்பந்த விலை டன்னுக்கு 330 டாலரைத் தொட்டது. பீபாடியின் லாபமும் அந்த ஆண்டு கொழித்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெக்கார்தர் கோலைச் சுமார் 500 கோடி டாலருக்கு, பெரும்பாலும் கடன் வாங்கி, கையகப்படுத்தினார்கள். 2016 தொடக்கத்தில் விலை 81 டாலர். ஏப்ரல் 13 அன்று திவால் மனு. ஆர்ச் கோல் அதற்கு மூன்று மாதம் முன்பே போயிருந்தது, ஆல்ஃபா 2015 ஆகஸ்டிலேயே. இருவருமே 2011ல் உச்ச விலையில் போட்டி நிறுவனத்தை வாங்கியவர்கள்தான்.

உச்ச விலை லாபத்தை வைத்து ஸ்கோர் போட்டால் எந்தச் சுரங்கமும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். நான் செய்வது இதுதான்: கடந்த ஏழெட்டு வருடச் சராசரி விலையில் இந்த ஆண்டு உற்பத்தியை விற்றிருந்தால் லாபம் எவ்வளவு என்று தோராயமாகப் போட்டு, அதைச் சூத்திரத்தில் வைப்பேன். பிறகு அந்தக் காலத்தின் மிகக் குறைந்த விலையில் வட்டி கட்ட முடியுமா என்று தனியாக ஒரு கணக்கு. கடன் மட்டும் இன்றைய கடன், அதைச் சராசரி எடுக்கக்கூடாது. இப்படிச் செய்தால் ஸ்கோர் நன்றாகவே வேலை செய்கிறது, விட்டுவிட வேண்டியதில்லை.

பொருநைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. பெரியவர் சொன்ன -2.48 கணக்கை உடனே போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. ஒரே ஒரு சந்தேகம். பேலன்ஸ் ஷீட்டுக்குள் வராத பொறுப்புகள் என்று படித்தேன், அது எந்த ஸ்கோரிலாவது வருமா? கையில் கொஞ்சம் என்எம்டிசியும் (இரும்புத்தாது எடுக்கும் பொதுத்துறை நிறுவனம்) இருக்கிறது, அதில் கவனிக்க வேண்டியது எதாவது?

பற்றும்வரவும்

எந்த ஸ்கோரிலும் வராது. மூன்றுமே பேலன்ஸ் ஷீட்டில் ஏறிய எண்ணை மட்டும்தான் பார்க்கும். நம் நாட்டில் இப்போது பெரியது கனிம உரிமை வரி. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பது வரி அல்ல, கனிம உரிமைக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக்கு எதிராக இந்தியா சிமெண்ட்ஸ் நடத்திய வழக்கில் 1989ல் வந்த தீர்ப்பு அதோடு செல்லாமல் போனது. ஆகஸ்ட் 14 அன்று, 2005 ஏப்ரல் 1 முதலான பாக்கியையும் மாநிலங்கள் கேட்கலாம், 2026 ஏப்ரல் முதல் 12 ஆண்டுத் தவணையில், என்றார்கள். டாடா ஸ்டீல் இதற்காக 17 ஆயிரம் கோடிக்கு மேல் நிகழக்கூடிய பொறுப்பாக அறிவித்தது. நிகழக்கூடிய பொறுப்பு என்பதால் அது பேலன்ஸ் ஷீட்டில் ஏறாது, குறிப்புகளில் மட்டும் இருக்கும். தமிழ்நாட்டிலும் சட்டம் வந்து 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் விதித்திருக்கிறார்கள், சிமெண்ட் பங்கு வைத்திருப்பவர்களும் பார்க்க வேண்டியது இது. அந்தத் தொகையை மொத்தப் பொறுப்போடு கூட்டி ஒருமுறை, கூட்டாமல் ஒருமுறை ஸ்கோர் போடுங்கள்.

என்எம்டிசியில் நகர்நார் உருக்காலையைத் தனி நிறுவனமாகப் பிரித்தார்கள், 2023 பிப்ரவரியில் அது சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஹிந்துஸ்தான் ஜிங்கில் டிவிடெண்ட் செய்த வேலையை இங்கே அந்தப் பிரிவு செய்திருக்கிறது, சொத்து குறைந்ததால் விகிதங்கள் ஏறும். பிரிவுக்கு முன்பும் பின்பும் உள்ள எண்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள். தவிர, 2022 மே முதல் நவம்பர் வரை இரும்புத்தாதுக்கு 50% ஏற்றுமதி வரி இருந்த காலமும் அதற்குள் வருகிறது.

மேல்மண்

தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனை (தாய் நிறுவனம் போன்ற சொந்தக் குழுவுடன் செய்யும் கொடுக்கல் வாங்கல்) குறிப்பையும் விடாதீர்கள். 2023 ஜனவரியில் வேதாந்தாவின் ஆப்பிரிக்கத் துத்தநாகச் சொத்துகளை ஹிந்துஸ்தான் ஜிங்க் 298 கோடி டாலருக்கு வாங்கும் திட்டம் வந்தது, மத்திய அரசு எதிர்த்ததால் நிறைவேறவில்லை. அது நடந்திருந்தால் நீங்கள் எக்செல்லில் பார்க்கும் கடன் எண்ணே வேறாக இருந்திருக்கும். இதெல்லாம் பங்குச் சந்தைக்குக் கொடுக்கும் அறிவிப்புகளில் முதலில் வரும், ஆண்டறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும்.

பொருநைக்கரை

சரிங்க ஐயா. நான்கு விகித வடிவத்தில் என்எம்டிசியைப் பிரிவுக்கு முன், பின் என்று தனித்தனியாகப் போட்டு, சராசரி விலைக் கணக்கையும் சேர்த்து இதே இழையில் பதிகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.