அணி கைகழுவிய பிறகு ஹாக்கி வீரர் எங்கே போவார்? பார்த்ததைச் சொல்லுங்கள்

கால்கரிவாசி:

நானே ஆரம்பிக்கிறேன். 2017 நவம்பர் 9, கால்கரி சாடில்டோம் அரங்கம், எதிரணி டெட்ராய்ட். வேலை நண்பர் ஒருவர் போக முடியாமல் டிக்கெட்டை என்னிடம் தந்துவிட்டார். ஐஸ் ஹாக்கி விதிகள் எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் கால்கரிக்கு ஆடிய செக் நாட்டு நட்சத்திரம் யாரோமிர் யாகர் என்ற பெயர் தெரியும். அப்போது அவருக்கு 45 வயது. அதற்கு முந்தைய சீசனில் ஃப்ளோரிடா அணிக்காக 82 ஆட்டத்திலும் இறங்கி 46 புள்ளி (கோலும், கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) எடுத்தவர், அப்படியும் அவர்கள் புது ஒப்பந்தம் தரவில்லை. ஜூலை 1ஆம் தேதி ஆள் எடுக்கும் சந்தை திறந்தால் பெரிய பெயர்கள் அன்றைக்கே போய்விடும், இவரோ கோடை முழுக்கக் காத்திருந்து அக்டோபரில்தான் கால்கரியோடு ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அணியோடு பயிற்சி முகாமே கிடையாது, நேராக சீசன்.

பக் (பந்துக்குப் பதில் அடிக்கும் ரப்பர் வட்டு) அவர் மட்டைக்கு வந்துவிட்டால் இருபது வயசுப் பையன்கள் முட்டி மோதியும் பிடுங்க முடியவில்லை. முதுகைக் காட்டி நின்று அப்படி மறைக்கிறார். ஆனால் ஆட்டம் எதிர்ப்பக்கம் திரும்பினால் அவர் திரும்பி முடிப்பதற்குள் மற்றவர்கள் பாதி தூரம் போயாச்சு. அன்று ஒரு கோல் போட்டார், பக்கத்தில் இருந்த பெரியவர் யாரென்றே தெரியாத என்னைக் கட்டிப் பிடித்துக் கத்தினார். அது வட அமெரிக்காவின் மேல்மட்ட லீக்கான என்.எச்.எல்.லில் அவருடைய 766ஆவது கோல், கடைசியும் அதுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? முட்டி, தொடை என்று காயம் மாறி மாறி வந்து, 22 ஆட்டத்தோடு ஜனவரியில் செக் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். போனது பிறந்த ஊரான க்ளாட்னோவுக்கு, அப்போது அங்கே கிளப்பே அவருடையது. சொந்தமாக அணி இருந்தால் யார் வெளியே அனுப்ப முடியும், அதுவும் ஒரு வழிதான் :)

ஸ்காபரோ பெடியன்:

எனக்கு ஜோ தோர்ன்டன்தான் ஞாபகம் வருது. சான் ஹோசேயில 15 சீசன் விளையாடின மனுசன், என்.எச்.எல். சாம்பியனுக்குக் குடுக்கிற ஸ்டான்லி கிண்ணம் மட்டும் கிடைக்கேல்ல. 2020இல் 41 வயசில் ரொறன்ரோவுக்கு வந்தார், சம்பளம் 7 லட்சம் டொலர், லீக்கின் ஆகக் குறைந்த தொகை. காசுக்கு வரேல்ல என்று விளங்குதுதானே. கொரோனாக் காலம், அரங்கத்தில் சனம் இல்லை, நானும் அப்பாவும் வீட்டில் டிவியில்தான் பார்த்தோம். அந்தத் தாடியைப் பார்த்துவிட்டு அப்பா, "இவர் என்ர வயசுக்காரரோ?" என்று கேட்டார். தொடங்கி ஒரு மாதத்துக்குள்ளேயே விலா எலும்பு உடைந்தது. பிறகு பிளே ஆஃபில் மொன்றியலுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னுக்கு நின்றும் தோற்றோம், அதைப் பற்றி நான் கதைக்க விரும்பேல்ல. அடுத்த வருசம் ஃப்ளோரிடா, அதோடு சரி.

பனித்திடல் அப்பா:

நீங்கள் சொல்வதெல்லாம் நட்சத்திரங்கள், அவர்களுக்கு யாராவது ஒருவர் போன் எடுப்பார். என் மகனின் பயிற்சியாளர் கதை வேறு. என்.எச்.எல்.லுக்குக் கீழே ஏ.எச்.எல்.லில் வருடக்கணக்காக ஆடியவர், மேலே ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அந்த லீக்கில் ஒரு விதி உண்டு என்று அவர் சொல்லித்தான் தெரியும்: அது இளைஞர்களை வளர்க்கும் இடம் என்பதால் 260 ஆட்டத்துக்கு மேல் ஆடிய அனுபவசாலிகள் ஓர் ஆட்டத்துக்குச் சிலரே இறங்கலாம். எத்தனை வருடம் நன்றாக ஆடினாரோ அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. 31 வயதில் ஏஜென்ட் ஃபோன் எடுப்பது குறைந்து, அப்புறம் மெசேஜுக்கும் பதில் இல்லை. ஜெர்மனி இரண்டாம் லீக்கில் இரண்டு வருடம், பிறகு பிரிட்டனில் ஒரு கிளப். அங்கே சில கிளப்கள் சம்பளத்தோடு மேற்படிப்புக்கும் இடம் வாங்கித் தருமாம், மனைவி பிடிவாதமாகச் சேர வைத்தாராம், இவர் பாதியில் விட்டுவிட்டார். அதை இன்னும் வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள் என்று சிரிக்கிறார்.

இப்போது 37 வயதில் பகலில் பிளம்பிங் கற்றுக்கொள்கிறார், கற்றுத்தருபவருக்கு 24. சாயங்காலம் எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி. எங்கள் அப்பாமார் ஞாயிறு இரவு ஆட்டத்துக்கு எத்தனை தடவை கூப்பிட்டும் வரவே மாட்டார், முட்டி, வேலை என்று ஏதாவது சொல்வார். போன மாதம் கோலி (கோல் காப்பவர்) வரவில்லை, கெஞ்சியதில் கடன் வாங்கிய கால் காப்புகளைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன்னால் போய் நின்றார். வாழ்க்கையில் கோலியாக நின்றதே இல்லையாம். பதினொரு கோல் விட்டார், அதில் ஒன்று நான் போட்டது. மறுநாள் காலையில் மெசேஜ்: "அடுத்த ஞாயிறும் கோலி இல்லையா?"