மருத்துவ மாணவர்கள் பரிகாரி மருந்தைப் பற்றிப் படிக்க வேண்டுமா?

கல்லடிக்காற்று:
மட்டக்களப்பில் மருத்துவமும் தாதியமும் படிக்கிற பிள்ளைகளிடம் பரிகாரிமார், அதாவது நாட்டு வைத்தியர்கள், செய்கிற சித்த மருத்துவம் பற்றிக் கேட்டால் ஒன்றில் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் "அம்மம்மா தந்தால் குடிப்பேன், பரீட்சையில் எழுத மாட்டேன்" என்பார்கள். நான் தாதிய மாணவி. பயிற்சிக்குப் போன வாட்டில் சீனி வருத்தக்கார அம்மா ஒருவர் சோடாப் போத்தலில் கசாயம் வைத்திருந்தார். டொக்டர் ஏசுவார் என்று அதைச் சேலைக்குள் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். அவருடைய அட்டையில் 'வேறு மருந்து இல்லை' என்று எழுதியிருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் இதற்கும் இடம் வேண்டும்.

மூன்றாம்வருடம்:
வேண்டாம். படிப்பித்தால் சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் மெலிவதற்கு மூலிகைக் குளிசை குடித்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டொலோக்கியா என்ற நச்சுச் செடி கலந்திருந்தது. நம் ஊர் ஈஸ்வரமூலியும் அதே பேரினம்தான். இயற்கை என்றால் பக்கவிளைவு இல்லையாம்!

திருமலைச்சித்தன்:
தம்பி, நான் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். நாங்கள் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் படிக்கிறோம். நீங்கள் எங்கள் பாடத்தில் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் 'ஆதாரமில்லை' என்று தீர்ப்புச் சொல்கிறீர்கள். மலேரியாவுக்குக் கொடுக்கிற ஆர்ட்டிமிசினின் எங்கிருந்து வந்தது? பழைய சீன வைத்தியக் குறிப்பொன்றைப் பார்த்துத்தான் சீன விஞ்ஞானி து யூயூ மூலிகையைக் கொதிக்க வைக்காமல் பிரித்தெடுக்கப் போனார். 2015இல் நோபல் பரிசு.

மூன்றாம்வருடம்:
அண்ணன், அந்தக் குறிப்பில் இருந்தது துப்பு மட்டும்தான். பிரித்தெடுத்து, எலியில் பார்த்து, மனிதரில் பார்த்த பிறகே அது மருந்தானது. உலோகத்தையும் தாதுவையும் சுட்டு நீறாக்கிச் செய்கிற உங்கள் பற்பங்களுக்கு அது நடந்ததா? பொஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதோ ஒன்றாவது இருந்தது.

திருமலைச்சித்தன்:
கடைச்சரக்கைக் காட்டாதீர்கள். முறையாகச் சுத்தி செய்து நச்சு நீக்கிய மருந்து வேறு.

மூன்றாம்வருடம்:
அப்படியென்றால் ஆய்வுகூட அறிக்கையைப் போடுங்கள், பார்ப்போம்.

படுவான்கரைப்பிள்ளை:
பொஸ்டனை விட்டு இந்தப் பக்கம் வாருங்கள். டெங்கு வந்தால் வீட்டுக்கு வீடு பப்பாசி இலைச் சாறுதான். அதனால் குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஏறினாலும் ஏறட்டும். ஆளைக் கொல்வது, காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதல்லவா? 'காய்ச்சல் விட்டிட்டு, சாறு வேலை செய்யுது' என்று சனம் வீட்டிலேயே இருந்துவிடும். வயலில் கண்ணாடி விரியன் கடித்தாலும் முதலில் விசகடி வைத்தியர், பிறகுதான் ஆஸ்பத்திரி. நஞ்செதிர் மருந்து ஏற்றப் பிந்திவிடும். ஆனால் கிரிக்கெட்டில் கால் பிரண்டால் மருத்துவ மாணவனும் எண்ணெய்க் கட்டுக்குப் பரிகாரி வீட்டுக்குத்தான் போகிறான். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கல்லடிக்காற்று:
பற்பம் சரியா பிழையா என்று தீர்ப்பது என் வேலை இல்லை. சீனிக் குளிசையோடு பாவக்காய்ச் சாறும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். அதைச் சொல்ல வேண்டுமென்றால், ஏசாமல் கேட்கத் தெரிய வேண்டும், போத்தலில் இருப்பது என்னவென்றும் தெரிய வேண்டும். மூன்றாம்வருடம், ஈஸ்வரமூலிக் கதையை எந்த விரிவுரையில் படித்தீர்கள்?

மூன்றாம்வருடம்:
விரிவுரையில் இல்லை, யூடியூப்பில். சரி, சில மணிநேரம் வைக்கட்டும். ஆனால் மருந்தியல் ஆட்கள்தான் எடுக்க வேண்டும்.

திருமலைச்சித்தன்:
ஈஸ்வரமூலிக் கொடியைக் கொண்டுவந்து மேசையில் போட்டால் அவர்களுக்கு அடையாளம் தெரியுமா?